குசினி வாசலில் நின்றுவிட்ட சட்டம்

இலங்கையிலே தொழிலாளர் உரிமை பற்றி உரத்துப் பேசுவோர் பலர் ஒரு வாசலை அடைந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். அது ஆலை வாசலன்று; தோட்டத்துரையின் பங்களா வாசலுமன்று. நம் சொந்த வீட்டுக் குசினி வாசலே அது. அதற்கப்பால் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள். வீட்டார் விழிக்குமுன் எழுந்து, அவர்கள் உறங்கிய பின் படுக்கிறாள். அவளுக்குச் சம்பளம் உண்டு; அதற்கு அளவு வகுத்த சட்டம் இல்லை. வேலை உண்டு, அதற்கு நேர வரையறை இல்லை. முதுமை வரும், அதற்கென ஒரு சதமேனும் சேர்வதில்லை. அவளைத் தொழிலாளி என்று கொள்ளச் சட்டம் தயங்குகிறது. நாமோ, "அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்கிறோம். சட்டத்தின் தயக்கமும் நம்முடைய தயவும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து ஓர் உழைக்கும் கூட்டத்தை இருட்டிலே வைத்திருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

முதலிற் சட்டத்தைப் பார்ப்போம். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் நம் நாட்டுத் தொழிலாள வர்க்கம் போராடிப் பெற்ற பேறுகளுள் ஒன்று. தேயிலை, இறப்பர், தெங்கு என்று தொடங்கி நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு அதன்கீழ்ச் சபைகள் அமைந்தன. பீடி சுற்றுவோருக்குச் சபை வந்தது. தீப்பெட்டி செய்வோருக்கு வந்தது. படமாளிகைத் தொழிலாளருக்கும் வந்தது. சோறு சமைத்து, உடுப்புத் தோய்த்து, பிள்ளை தூக்கி, படுக்கையிற் கிடக்கும் பாட்டியைக் கழுவித் துடைப்பவளுக்கு மட்டும் வரவில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வேலைநேரத்தையும் வாராந்த ஓய்வையும் வருடாந்த விடுமுறையையும் வரையறுத்தது. வீடு கடையுமன்று, அலுவலகமுமன்று. ஆகவே ஒரு முதலாளியின் கடையிலே சாமான் நிறுப்பவனுக்கு வேலை முடிகின்ற நேரம் ஒன்று உண்டு. அதே முதலாளியின் வீட்டிலே சமைப்பவளுக்கு அத்தகைய நேரம் எதுவும் இல்லை. கடைக்காரப் பையன் இரவு வந்து சாப்பிட்ட கோப்பையைக் கழுவுபவளும் அவளே.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தபோது, முதுமைக்கு ஒரு பிடி சோறாவது உறுதியாயிற்று என்று தொழிற்சங்கங்கள் மகிழ்ந்தன. தனியார் வீட்டு வேலையாட்கள் அந்த நிதிக்கு வெளியே நின்றனர். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமோ மறைவு எதுவுமின்றிப் பேசுகிறது: தனியார் வீட்டிலே பணிசெய்யும் வீட்டு வேலையாளும் வீட்டுக்காரரின் சொந்தச் சாரதியும் இச்சட்டத்துட் சேரார். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய ஆகக்குறைந்த வேதனச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சபைக்கும் உட்படாத தொழிலாளிக்கும் கூலிக்கு ஓர் அடித்தளம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். மாதம் 10,000 ரூபா என்று அது தொடங்கியது. அச்சட்டம் நிறைவேறியபோதும் வீட்டுப் பணியாளர் விலக்கப்பட்டனர். எல்லோருக்கும் கீழே ஒரு தளம் போட்டவர்கள், அந்தத் தளத்துக்கும் கீழே ஒரு குழியை விட்டுவைத்தனர்.

சட்டம் இயற்றுவோர் இவர்களை மறந்துபோனார்கள் என்று சிலர் சமாதானம் கூறுவர். மறதி என்பது ஒருமுறை நிகழக்கூடும். 1941, 1954, 1958, 1983, 2016 என்று ஒழுங்காக வரும் மறதிக்கு வேறு பெயர் உண்டு. மேலும், வீட்டு வேலையாட்களைச் சட்டத்துக்குத் தெரியவே தெரியாது என்பதும் பொய். தேவைப்பட்டபோது அது அவர்களை மிக நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்திலே வீட்டு ஏவலாளர் பெயர் குறித்துச் சேர்க்கப்பட்டிருந்தனர். எதற்காக? குடிவெறி, கீழ்ப்படியாமை, மரியாதைக் குறைவு, அனுமதியின்றி வேலையை விட்டுப் போதல் ஆகிய இவற்றுக்குச் சிறைத்தண்டனை விதிப்பதற்காக. வேலையை விட்டுவிடுவது குற்றமாகவும், அதற்கு மறியற்சாலை தண்டனையாகவும் இருந்த காலம் அது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1871ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வீட்டு வேலைக்காரர் பதிவுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. சமையற்காரர், குதிரைக்காரர், ஆயா, தோட்டக்காரர் எல்லோரும் பதிய வேண்டும்; கையில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும்; வேலையை விட்டு நீங்கும்போது அவர்களுடைய நடத்தை எத்தகையது என எசமானர் அதிலே எழுதுவார். வேலைக்காரரின் நடத்தையை எழுதுவதற்குப் புத்தகம் தந்த சட்டம், எசமானரின் நடத்தையை எழுதுவதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் தரவில்லை. வெள்ளைக்காரத் துரைமாரின் வெள்ளிக் கரண்டிகளைக் காப்பதற்காக எழுந்த சட்டம் அது. துரைமார் போய்விட்டனர். கரண்டிகள் நம்மவர் கைக்கு வந்தன. அதன் பின்னரும் அச்சட்டம் நெடுங்காலம் சட்டப் புத்தகத்திலே குந்திக்கொண்டிருந்தது. இதை மாற்றவேண்டும் என்ற அவசரம் எவருக்கும் எழவில்லை.

பழியை வெள்ளைக்காரன்மீது மட்டும் போட்டுவிட்டுக் கைகழுவிக்கொள்ளவும் நமக்கு உரிமை இல்லை. யாழ்ப்பாணத்தாராகிய நாம் நம்முடைய தனிச்சட்டம் என்று பெருமையோடு சொல்லும் தேசவழமையை ஒல்லாந்தர் 1706, 1707ஆம் ஆண்டுகளிலே தொகுப்பித்தபோது, காணிக்கும் சீதனத்துக்கும் பகுதிகள் வகுத்ததைப் போலவே ஆண் அடிமை, பெண் அடிமை என்பதற்கும் ஒரு பகுதி வகுத்தனர். அவ்வழக்கங்களை எடுத்துச் சொன்னவர்களும், தொகுத்ததைப் பார்த்துச் சரியென்று ஒப்பியவர்களும் நம்மூர் முதலிமாரே. 1844ஆம் ஆண்டு அடிமைமுறை சட்டப்படி நீக்கப்பட்டது. ஆனால் வீட்டின் அமைப்பு நீங்கவில்லை. கூலியில்லாத அடிமை நின்ற இடத்திலே அரைக்கூலிக் குடிமை நின்றது. குடிமை விலகிய இடத்திலே, தரகர் பிடித்துக்கொண்டு வந்து தரும் சிறு பெட்டை நின்றாள்.

அந்தப் பெட்டையைத்தான் நாம் "பிள்ளை மாதிரி" என்கிறோம். தமிழ் படிப்பிக்கிறவள் என்ற முறையிலே அந்த "மாதிரி" என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். பெற்ற பிள்ளையை எவரும் பிள்ளை மாதிரி என்று சொல்வதில்லை. உவமை வரும் இடத்திலே பொருள் வேறு, உவமை வேறு என்பது இலக்கணத்தின் பாலபாடம். நம் பிள்ளை காலையிலே பாடசாலைக்குப் போகிறது. பிள்ளை மாதிரியானவள் அதன் புத்தகப்பையைப் படலை வரை தூக்கிப் போகிறாள். நம் பிள்ளைக்குக் கட்டில்; அவளுக்குக் குசினி நிலத்திலோ பின்விறாந்தையிலோ ஒரு பாய். நம் பிள்ளை பீங்கான் கோப்பையிலே தேத்தண்ணீர் குடிக்கிறது. அவளுடைய கோப்பை தனியே, யன்னற் கட்டிலே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியர். அவளுக்கு என்றால் கொத்தமல்லித் தண்ணீர். நம் பிள்ளையின் பெயர் சாதகத்திலே உண்டு; அவளுடைய உண்மைப் பெயர் வீட்டிலே பலருக்குத் தெரியாது. "பெட்டை" போதும். இவ்வளவும் இருந்தும் அவளுக்குச் சம்பளம் கேட்டால், "குடும்பத்துக்குள் என்ன சம்பளக் கணக்கு?" என்று வியப்படைகிறோம். குடும்பம் என்ற சொல் உரிமை கேட்கும்போது மட்டும் வருகிறது. காணி எழுதும்போது வருவதில்லை.

தயாள குணம் உடைய வீடுகள் இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. நல்ல துணி எடுத்துக் கொடுத்து, கலியாணம் செய்து வைத்து, காதிலே தோடும் போட்டு அனுப்பிய வீடுகளை நானும் அறிவேன். அவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் நல்ல தோட்டத்துரைமாரும் இருந்தார்கள் அல்லவா? அதற்காகத் தோட்டத் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டாம் என்று நம்மில் எவரும் சொன்னோமா? தயவு தருகிறவரின் மனநிலையைப் பொறுத்தது. அவர் மனம் மாறினால், அல்லது அவர் மறைந்து மருமகள் கைக்கு வீடு போனால், தயவும் போய்விடுகிறது. இருபது வருடம் உழைத்தவள் ஒரு சூட்கேசோடு பஸ் நிலையத்திலே நிற்கிறாள்.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வருகின்றனர் என்பதை மறைத்துப் பேச முடியாது. பலர் மலையகத்திலிருந்து வருகின்றனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்களாக்கியது. நாளாந்தக் கூலி ஒரு குடும்பத்துக்குப் போதாதிருந்தது. லயன் அறை அவர்களை நெரித்தது. இவற்றின் விளைவாக யாழ்ப்பாணத்து வீடுகளுக்கும் கொழும்பு வீடுகளுக்கும் பிள்ளைகள் அனுப்பப்பட்டனர். மேடையிலே மலையக மக்களின் இன்னலைச் சொல்லிக் கண்ணீர் விட்ட தலைவர்களின் வீடுகளிலும் அந்த மக்களின் பிள்ளைகள் கோப்பை கழுவினர். இதனை எழுதுவதாற் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

2021 ஜூலையிலே டயகமவைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி, கொழும்பிலே அரசியற் பிரமுகர் ஒருவரின் வீட்டிலே வேலை செய்துவந்தவள், எரிகாயங்களோடு ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டு அம்மாதம் 15ஆம் திகதி இறந்தாள். நாடு முழுவதும் அவள் பெயரைச் சொல்லிக் கொதித்தது. குற்றம் யாருடையது என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதனுள் நான் புகவில்லை. நான் கேட்பது வேறு. அவ்வாண்டின் தொடக்கத்திலேதான் வேலைக்கு அமர்த்தக்கூடிய வயது 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டிருந்தது. பிள்ளைகள் செய்யக்கூடாத ஆபத்தான வேலைகளின் அட்டவணையிலே வீட்டு வேலை சேர்ந்ததோ அவள் இறந்த பின்னர். சுவரொட்டி ஏந்தி வீதியிலே நின்ற நம்மிலே எத்தனை பேர் வீடு திரும்பியதும் குசினியிலே நின்றவளிடம், "உனக்கு வயதென்ன? நீ எத்தனையாம் வகுப்போடு நின்றாய்?" என்று கேட்டோம்?

ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விடயம். இடாப்பிலே ஒரு பெயர் சிவப்புக் கோட்டால் வெட்டப்படுகிறது. "இடைவிலகல்" என்று எழுதி முடிக்கிறோம். எங்கே விலகினாள், யாருடைய வீட்டுக்கு விலகினாள் என்று எழுதுவதற்கு இடாப்பிலே நிரல் இல்லை. சில வேளை அந்த வீடு இன்னோர் ஆசிரியரின் வீடாக இருக்கிறது.

இனிக் கடலுக்கு அப்பால் ஒருமுறை பார்த்துவிட்டு வருவோம்; ஏனெனில் நம்முடைய இரட்டை நாக்கு அங்கேதான் நன்றாகத் தெரிகிறது. 1970களின் பிற்பகுதி தொடங்கி இலட்சக்கணக்கான இலங்கைப் பெண்கள் அரபு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போயினர். 2005இல் மூதூரிலிருந்து சவூதி அரேபியாவுக்குப் போன ஏழைச் சிறுமி, வயதைக் கூட்டி எடுத்த கடவுச்சீட்டோடு போனவள், தன் பொறுப்பிலே விடப்பட்ட குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரி 9ஆம் திகதி சிரச்சேதம் செய்யப்பட்டாள். 2010இல் ஒரு பெண் உடலுக்குள் ஆணிகளோடு திரும்பி வந்தாள். அப்போது நாம் எழுதிய கவிதைகளுக்கும் கண்டனங்களுக்கும் அளவில்லை. எழுதியது சரியே. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாடு செல்லும் பணிப்பெண்ணுக்காக நம் அரசு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தாலே ஒரு பணியகமே அமைத்தது. அவளுக்கு எழுத்திலே ஒப்பந்தம் வேண்டும், அது பதியப்பட வேண்டும், சம்பளம் இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்றெல்லாம் அந்நிய எசமானருக்கு அது நிபந்தனை விதிக்கிறது. கட்டுநாயக்காவிலே விமானம் ஏறும் பெண்ணுக்கு ஒப்பந்தம் வேண்டும். அதே ஊரிலிருந்து வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறும் அவள் தங்கைக்கு ஒப்பந்தம் வேண்டாம்! குவைத்து எசமானரிடம் நாம் கேட்பதை நாம் கொடுக்கமாட்டோம்.

அதனினும் வெட்கம் ஒன்று உண்டு. குவைத்து 2015ஆம் ஆண்டு 68ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. வீட்டுப் பணியாளருக்கு நாளொன்றுக்குப் 12 மணித்தியாலத்துக்கு மேற்படாத வேலை, வாரத்தில் ஒருநாள் ஓய்வு, ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்தோடு விடுமுறை, பணி முடிவிலே ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று அது எழுதியது. அந்த எழுத்து அங்கே எவ்வளவு மீறப்படுகிறது என்பது திரும்பிவரும் பெண்களைக் கேட்டால் தெரியும். நான் குவைத்தைப் புகழ வரவில்லை. காட்டுமிராண்டிகள் என்று நாம் ஏசிய எசமானர்களின் நாட்டிலே எழுத்திலாவது இருப்பது, நாகரிகம் பழுத்த நம் நாட்டின் எழுத்திலேகூட இல்லை என்பதையே சொல்கிறேன்.

நம் நாகரிகம் என்றதும் சங்க இலக்கியம் நினைவுக்கு வருவது இயல்பு. தொல்காப்பியர் காதலைப் பாடும் திணைகளைப் பகுக்குமிடத்து, அடியவரையும் பிறர்க்கு வினை செய்வோரையும் ஐந்திணைக்குப் புறம்பாக, கைக்கிளை பெருந்திணைகளிலே வைக்கிறார். ஏன் என்பதற்கு இளம்பூரணர் தரும் விளக்கம் சிந்திக்கத் தக்கது. அறமும் பொருளும் இன்பமும் வழுவாது ஒழுகுதல் பிறருக்குக் குற்றேவல் செய்வோர்க்கு அரிது என்பது அவர் கருத்து. பல்கலைக்கழகத்திலே இதனைப் படித்தபோது பழைய சமுதாயத்தின் மேட்டிமை என்று நாங்கள் குறித்துக்கொண்டோம். மேட்டிமை இருக்கிறது, ஆனால் அதனோடு ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. தன் பொழுது தன் கையில் இல்லாதவருக்குத் தன் வாழ்வும் தன் கையில் இல்லை. அந்தி மாலை ஒரு பெண்ணுக்கு ஏக்கத்தின் பொழுதாவதற்கு முன்னர் அது அவளுக்கு ஓய்வுப் பொழுதாக வேண்டும். வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்று நாம் கேட்கும்போது, சிலர் அதனை ஏதோ ஆடம்பரம் என்று நினைக்கின்றனர். தாயைப் போய்ப் பார்ப்பதற்கு, கோயிலுக்குப் போவதற்கு, ஒருவனை விரும்புவதற்கு, விரும்பாமலிருப்பதற்கும் வேண்டிய பொழுது அது. வள்ளுவருக்கும் இளங்கோவுக்கும் விழா எடுக்கும் நாம், நம் குசினியிலே ஒருத்தியை இன்னும் ஐந்திணைக்கு வெளியே வைத்திருக்கிறோம்.

எங்கள் முற்போக்கு எழுத்தாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தையும், அதன் பின் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் நடந்த போராட்டங்களையும் நம் இலக்கியம் பெருமையோடு பதிந்தது. கடையிலே சமமான கோப்பைக்காகச் சிந்திய இரத்தம் சிறிதன்று. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் ஏட்டிலே கிடந்ததை அப்போராட்டங்களே வீதிக்குக் கொண்டுவந்தன. ஆனால் கடையின் தனிக்கோப்பை வீட்டுக்குள்ளே ஒளிந்துகொண்டது. பொது இடத்திலே சட்டம் தடுத்ததை நாம் யன்னற் கட்டிலே பாதுகாத்து வைத்திருக்கிறோம். கொழுந்து பறிப்பவள் நம் கதைகளிலே வந்தாள். வலை இழுப்பவன் வந்தான். சுருட்டுத் தொழிலாளி வந்தான். கதை எழுதிக்கொண்டிருந்தவரின் மேசைக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தவளை எத்தனை கதைகளிலே நாம் கண்டோம்?

இனித் தடைகளுக்கு வருவோம். "ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தொழிற் பரிசோதகர் நுழைய முடியுமா? வீடு என்பது தனி வாழ்வின் இடமல்லவா?" என்பது சட்டம் படித்தவர்கள் கேட்கும் கேள்வி. டெங்கு நுளம்பைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நம் வளவுக்குள் வருகிறார்; பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்க்கிறார்; குடம்பி இருந்தால் வழக்கும் போடுகிறார். அதனாலே நம் தனி வாழ்வு குலைந்துபோனதாக எவரும் அழவில்லை. நுளம்புக் குடம்பியைத் தேடி வரக்கூடிய அரசு, அதே வளவிலே ஒரு மனிதப் பிறவி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வரக்கூடாதா? வேறு நாடுகள் வழி கண்டிருக்கின்றன. தென்னமெரிக்காவிலே உருகுவே என்னும் சிறிய நாடு 2006ஆம் ஆண்டு இயற்றிய சட்டம், உரிமை மீறல் நடப்பதாகக் கருத இடமிருந்தால் நீதிமன்றக் கட்டளையோடு பரிசோதகர் வீட்டினுட் செல்லலாம் என்றது. வாரத்துக்கு 44 மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது என்றும் வரையறுத்தது. "சம்பளச் சபையிலே முதலாளி தரப்புக்கு யார் வருவார்? வீட்டுக்காரிகளுக்குச் சங்கமா இருக்கிறது?" என்று இங்கே நகைப்போர் உண்டு. அந்நாட்டிலே 2008இல் அந்தச் சபை கூடியபோது, இல்லத்தரசிகளின் சங்கம்தான் முதலாளி தரப்பாக வந்து அமர்ந்தது. வானம் இடிந்து விழவில்லை.

"எங்களுடைய சம்பளமே போதவில்லை, நாங்கள் எப்படிக் கொடுப்பது?" இக்கேள்வியை எளிதிலே தள்ளிவிடமாட்டேன். நானும் ஆசிரியச் சம்பளத்திலே வாழ்கிறவள். மாதத்தின் கடைசி வாரம் எத்தகையது என்பது எனக்குத் தெரியும். குடும்பத்திலே பெண்ணும் வேலைக்குப் போகவேண்டிய காலம் இது. ஆண்கள் குசினிக்குள் வரமாட்டார்கள்; அரசு குழந்தைக் காப்பகம் நடத்தாது; முதியோரைப் பார்க்க ஆளில்லை. ஆகவே ஒரு பெண் வெளியே போக, இன்னொரு பெண் உள்ளே வரவேண்டியிருக்கிறது. நாங்கள் வகுப்பறையிலே நின்று பெண் விடுதலை பற்றிப் பாடம் நடத்துவதற்கான பொழுதை அவளுடைய பொழுதிலிருந்துதான் எடுத்திருக்கிறோம். இதன் பொருள் என்ன? அவளுடைய வேலை எங்கள் சம்பளத்தின் அத்திவாரம் என்பதே. அத்திவாரத்துக்குச் செலவழிக்கக் காசில்லை என்று யாரும் வீடு கட்டத் தொடங்குவதில்லை. முழு நாளுக்குக் கொடுக்க முடியாதவர் அரை நாளுக்கு அமர்த்தட்டும். அந்த அரை நாளுக்கு நியாயமான கூலியைக் கொடுக்கட்டும். மிகுதி வேலையை வீட்டு ஆண்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். விலைவாசி ஏறியபோது எங்களுக்குப் படி கூட்டவேண்டும் என்று நாங்கள் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தோமே. அதே அரிசி விலை அவளுடைய தாயின் லயன் அறைக்கும் ஏறியது.

"அவர்களே கேட்கவில்லையே" என்பது கடைசிக் கவசம். கேட்கவில்லை என்பது உண்மையன்று. மலையகத்திலே செங்கொடிச் சங்கத்தின் மேனகா கந்தசாமி முதலான பெண்கள் முன்னின்று, 2010களின் தொடக்கத்திலே வீட்டுப் பணியாளருக்கென ஒரு சங்கத்தைக் கட்டி எழுப்பினர். 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம் பதியலாம். ஆனால் ஆலையிலே ஏழு பேர் ஒரே இயந்திரத்தருகில் நிற்கின்றனர். வீட்டு வேலைக்காரிகள் எழுவரோ ஏழு மதில்களுக்குள் நிற்கின்றனர். சந்தையிலும் பாடசாலை வாசலிலும் பிள்ளையைக் கூட்டிப்போக வந்து காத்து நிற்கும் பத்து நிமிடத்திலும் பேசிப் பேசித்தான் அவர்கள் சங்கம் வளர்க்கவேண்டியிருக்கிறது. பாடசாலை வாசல் எங்களுடையது. அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு வாங்காவது போட்டுக் கொடுக்கலாம்.

உலகத்திலே 7 கோடி 56 இலட்சம் வீட்டுப் பணியாளர் உள்ளனர் எனவும், அவர்களுள் நான்கிலே மூன்று பங்கினர் பெண்கள் எனவும் சர்வதேச தொழில் தாபனம் 2021இலே கணக்கிட்டது. அத்தாபனம் 2011 ஜூன் 16ஆம் திகதி 189ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. வீட்டு வேலையும் வேலையே; வீட்டுப் பணியாளரும் ஏனைய தொழிலாளர் பெறும் அடிப்படை உரிமைகளைப் பெறவேண்டும்; வாரத்தில் தொடர்ந்து 24 மணித்தியால ஓய்வு வேண்டும் என்பன அதன் சாரம். 2013 செப்தெம்பர் 5ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. பத்தாண்டு கழிந்த பின்னும் இலங்கை அதனை உறுதிப்படுத்தவில்லை. திருத்துவோம், சேர்ப்போம் என்று தொழில் அமைச்சர்கள் மாறி மாறிச் சொன்னதுண்டு. தோட்டத் தொழிலாளியின் வாக்கு ஒரு பெட்டியிலே குவிகிறது. வீட்டுப் பணிப்பெண்ணின் வாக்கு ஊரிலே கிடக்க, அவள் கொழும்பிலே தேர்தல் நாளன்றும் சமைத்துக்கொண்டிருக்கிறாள். அரசியல்வாதிக்கு அவசரம் பிறக்காததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

அச்சமவாயம் உறுதிப்படுத்தப்பட வேண்டும். சம்பளச் சபை ஒன்று இத்தொழிலுக்கும் வேண்டும். சேமலாப நிதியின் கதவும் பணிக்கொடைச் சட்டத்தின் கதவும் திறக்கவேண்டும். இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி அமைச்சுக்கு அனுப்புவதற்கு ஆசிரியர் சங்கங்கள் முன்வரலாம். பிறருடைய சம்பளத்துக்கான தீர்மானத்திலே கையொப்பமிட நமக்குப் பழக்கம் உண்டு. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் எந்த வீட்டுக்கும் இல்லை. கொப்பித் தாள் ஒன்று போதும். மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியிலே. காலை எத்தனை மணிக்குத் தொடங்கி இரவு எத்தனை மணிக்கு வேலை முடியும். வாரத்தில் எந்த நாள் அவளுடையது. வருடத்திலே ஊருக்குப் போகும் நாட்கள் எத்தனை. காய்ச்சல் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது. நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல். அவள் பெயரிலே தபாற்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகத்திலே மாதம் எவ்வளவு விழும். அந்தத் தாளிலே ஒப்பமிட வேண்டியவள் அவள். அவளுடைய தகப்பனாரும் அல்லர், கூட்டிவந்த தரகரும் அல்லர். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் உரக்க வாசித்துக் காட்டவேண்டும். பிரதி ஒன்றும், சேமிப்புப் புத்தகமும், அடையாள அட்டையும் வீட்டுக்காரரின் அலுமாரியிலன்றி அவளுடைய பெட்டியிலே இருக்கவேண்டும்; அந்தப் பெட்டியின் திறப்பும் அவளிடமே இருக்கவேண்டும்.